பீப்பாய் வந்த ஊர்

நம் வீட்டுப் பேச்சிலே நாள்தோறும் புழங்கும் சொற்கள் சில, தாம் பிறந்த ஊரை மறந்து நம்மோடு உறவாகிவிட்டன. காலையிற் பாண் வாங்குகிறோம். மேசையில் வைத்து உண்கிறோம். கோவா நறுக்கிச் சுண்டல் செய்கிறோம். ஊறுகாய்க்கு வினாகிரி ஊற்றுகிறோம். மழைநீரைப் பீப்பாயிற் பிடித்து வைக்கிறோம். ஊர்க்கோடியிலுள்ள கள்ளுக்கடையைத் தவறணை என்கிறோம். இவை யாவும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்கள். 1505 ஆம் ஆண்டு இத்தீவின் கரையை அடைந்து, 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658 இல் ஒல்லாந்தரிடம் தோற்று நீங்கினர் அவர். கோட்டைகளின் கற்கள் பெயர்ந்தன, சொற்கள் பெயரவில்லை.

மேற்கூறிய சொற்களுள் மூன்றைச் சற்று உற்று நோக்குங்கள். வினாகிரி என்பது அவர் மொழியிற் புளித்த மது எனப் பொருள்படும். பீப்பாய் என்பது மது அடைத்து வைக்கும் பெரிய மரக்கலத்தின் பெயர். தவறணை என்பது அம்மதுவை விற்கும் சாலை. ஆறு சொற்களில் மூன்று முந்திரிகை மதுவைச் சுற்றி நிற்கின்றன எனில், அம்மக்களின் வாழ்விலே அதற்கு இருந்த இடம் எத்தகையது என்பது விளங்கும். இந்தியத் தமிழர் திராட்சை என்பதையே யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். அவ்வழக்கையே இங்கும் கொள்வோம்.

மதுவைப் பற்றிக் குடும்பத்தார் படிக்கும் பகுதியில் எழுதலாமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மரபினர் நாம். அருந்துமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நாட்டு மக்கள் தம் மண்ணுக்கும், மழைக்கும், வறுமைக்கும் ஏற்பத் தம் உணவையும் பானத்தையும் எவ்வாறு இசைவித்தனர் என்பதும், அவ்விசைவினால் விளைந்த நன்மை தீமை யாவை என்பதும் அறியத்தக்கன. ஆதலின் இவ்வாரம் போர்த்துக்கல் நாட்டின் உணவு மேசைக்குச் சென்று வருவோம்.

சுவைக்குச் சுவை துணை

போர்த்துக்கல் சிறிய நாடு. அதன் தீவுகளையும் சேர்த்து நோக்கினும் நம் இலங்கையைப் போல் ஒன்றரை மடங்கிற்குச் சிறிது குறைவான பரப்பே உடையது. ஆயினும் அந்நாட்டுக்கே உரிய முந்திரிகை இனங்கள் மட்டும் இருநூற்றைம்பதிற்கு மேற்பட்டவை. வடக்கே மழை மிகுந்த கருங்கல் நிலம். கிழக்கே வெயில் வறுக்கும் மலைச்சரிவு. தெற்கே பரந்த சமவெளி. நடுக்கடலிலே எரிமலை கக்கிய தீவுகள். நிலத்துக்கு நிலம் முந்திரிகை வேறு. முந்திரிகைக்கு ஏற்ப மது வேறு. மதுவுக்கு ஏற்ப உணவும் வேறு.

இந்த இசைவிற்கு அடிப்படையான விதிகள் நமக்குப் புதியன அல்ல. பொரித்த மீனுக்குத் தேசிக்காய் பிழிகிறோம். ஏன்? புளிப்பு எண்ணெயின் திகட்டலை வெட்டுகின்றது. சாயத் தேநீர் நாவிலே துவர்க்கின்றது. அதிற் பால் சேர்த்ததும் துவர்ப்பு அடங்குகின்றது. தேயிலையின் துவர்ப்புச் சத்து பாலிலுள்ள புரதத்தைப் பற்றிக் கொள்வதே அதற்குக் காரணம். செம்முந்திரிகையின் தோலிலும் விதையிலும் அதே வகைத் துவர்ப்பு உண்டு. கொழுத்த இறைச்சியோடு சேரும்போது அது மென்மையடைகின்றது. மாங்காய்க்கு உப்புத் தொட்டு உண்ணும் சிறுவன் அறிந்திருப்பது போல, உப்பு ஏனைய சுவைகளை உயர்த்துகின்றது. ஆகவே உப்பு மிகுந்த பாற்கட்டியோடு இனிப்பு மது பொருந்துகின்றது. புளிப்புக்குக் கொழுப்பு, துவர்ப்புக்குப் புரதம், இனிப்புக்கு உப்பு. இம்மூன்றையும் மனத்திற் கொண்டால் போர்த்துக்கலின் எந்த மாகாணத்துச் சமையலும் நமக்கு விளங்கும்.

பச்சை நாட்டின் புளிப்பு

வடமேற்கு மூலையில் உள்ளது மிஞ்ஞோ என்னும் நிலப்பகுதி. அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் மேகங்கள் முதலில் இங்கேயே பொழிகின்றன. எங்கும் பசுமை, ஆனால் நிலமோ தந்தையிடமிருந்து மக்களுக்குப் பங்கு பிரிந்து பிரிந்து துண்டு துண்டாகிவிட்டது. அத்துண்டு நிலத்திலே சோளமும் அவரையும் கீரையும் பயிரிட வேண்டும். முந்திரிகைக்கு இடம் எங்கே? உழவன் ஒரு வழி கண்டான். கொடிகளை வயலின் ஓரத்து மரங்களின் மேலும், உயர்ந்த பந்தல்களின் மேலும் ஏற்றினான். கீழே சோறு, மேலே சாறு. பழம் பறிப்பவர் நீண்ட ஏணி வைத்து ஏற வேண்டியதாயிற்று. இன்று பெரும்பாலான புதிய தோட்டங்களிற் கொடிகள் தாழ்ந்த கம்பிகளிலே படர்கின்றன. எனினும் பழைய பந்தல்கள் இன்னும் சில ஊர்களிற் காணப்படுகின்றன.

நிழலும் மழையும் மிகுந்தமையாற் பழத்தில் இனிப்புக் குறைந்து புளிப்பு மிஞ்சுகின்றது. அதிலிருந்து வரும் மது மெல்லியது, அற்ககோல் குறைந்தது, நாவிற் சிறிது சுறுசுறுக்கும். இதனையே விஞ்ஞோ வேர்டே, அதாவது பச்சை மது, என்பர். நிறத்தாற் பச்சையன்று, இளமையாற் பச்சை. இப்பகுதியின் எல்லை 1908 ஆம் ஆண்டு சட்டத்தால் வரையறுக்கப்பட்டது.

இப்புளிப்பிற்கு ஏற்ற உணவு எது? தணலிற் சுட்ட சாளை மீன். கொச்சிக்கடையிலும் கச்சதீவிலும் நம்மவர் விழாவெடுக்கும் அந்தோனியார் பிறந்தது லிஸ்பன் நகரிலே என்பதைப் பலர் அறியார். அவர் திருநாளாகிய யூன் 13 ஆம் நாளுக்கு முன்னிரவில், லிஸ்பன் நகரத்துச் சந்துகள் எங்கும் சாளை சுடும் புகை எழும். ஒரு துண்டுப் பாணின் மேல் மீனை வைத்து, கையாலே எடுத்து உண்பர். மீனின் எண்ணெய் பாணில் ஊறும். இறுதியில் அப்பாணே சுவையான உணவாகும். மிஞ்ஞோ நாட்டார்க்கு அன்றாட உணவு கல்டோ வேர்டே என்னும் பச்சைச் சூப்பு. உருளைக்கிழங்கைக் கரைத்து, கோவா இனத்துக் கரும்பச்சை இலையை மயிரிழை போல் நறுக்கியிட்டு, ஒலிவெண்ணெய் ஊற்றி, வாய்ப்பிருந்தால் ஒரு துண்டுக் காரப் பன்றிக் கொத்தும் இடுவர். தொட்டுக்கொள்ளச் சோளப் பாண். ஏழைக்கும் செல்வனுக்கும் அதுவே உணவு. கொத்தின் அளவிலேதான் வேற்றுமை.

மற்றொன்று கருவாடு. பக்கல்யாவு எனப்படும் உப்பிட்டு உலர்த்திய கொட் மீன் அவர்தம் கடலில் வாழ்வதன்று. நியூபவுண்லாந்து, நோர்வே முதலிய வடகடல்களிலிருந்து வருவது. ஆயினும் நத்தார் முன்னிரவில் அது இல்லாத போர்த்துக்கேய வீடு அரிது. ஒரு நாளுக்கு மேலாக நீரில் ஊறவைத்து உப்பு இறக்கி, கிழங்கோடும் கோவாவோடும் அவித்து, ஒலிவெண்ணெய் சொரிந்து உண்பர். கருவாட்டின் அருமை அறிந்த நமக்கு இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை.

டூரோ ஆறும் கற்றூண்களும்

மிஞ்ஞோவிலிருந்து கிழக்கே மலைகளைத் தாண்டினால் மேகங்கள் பின்தங்கிவிடும். அங்கே டூரோ ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடுகின்றது. ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்று தம் நாட்டின் காலநிலையை அவ்வூரார் சொல்வர். மண் என்று சொல்லத்தக்கது அங்கு இல்லை. தகடு தகடாகப் பிளக்கும் பாறையே உண்டு. அப்பாறையை உடைத்து, மலைச்சரிவிலே படிப்படியாகச் சுவர் எழுப்பி, அச்சுவர்களுக்குட் கொடி நட்டனர் பல தலைமுறை உழைப்பாளர். நம் மலையகத்துத் தேயிலைச் சரிவுகளைக் கண்டவர்கள் அவ்வுழைப்பை ஊகிக்கலாம். 2001 இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் அதனை உலக மரபுரிமையாக ஏற்றது.

இங்கு விளையும் புகழ்பெற்ற மது, ஆறு கடலோடு கூடும் இடத்திலுள்ள போர்த்தோ நகரின் பெயரால் வழங்குவது. முந்திரிகைச் சாற்றிலுள்ள சர்க்கரையை மதுவம் உண்டு அற்ககோலாக மாற்றுவதே நொதித்தல். அது பாதி நடக்கும்போதே, 77 வீத அற்ககோல் உடைய முந்திரிகைச் சாராயத்தைச் சாற்றில் ஊற்றிவிடுவர். மதுவம் இறந்துபடும், உண்ணப்படாத சர்க்கரை அப்படியே நிற்கும். ஆகவே போர்த்தோ மது இனிப்பும் வலிமையும் ஒருங்கே உடையது. அதன் அற்ககோல் ஏறக்குறைய 20 வீதம். பழைய கணக்கின்படி 435 லீற்றர் சாற்றுக்கு 115 லீற்றர் சாராயம் சேர, 550 லீற்றர் கொண்ட ஒரு பீப்பாய் நிறையும். நம் சொல் அளந்த அளவு இதுவே.

1703 இல் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் செய்த மெதுவன் உடன்படிக்கையின் பயனாகப் போர்த்துக்கேய மது ஆங்கிலேயரிடம் குறைந்த தீர்வையோடு சென்றது. விலை ஏறியது, விலையோடு வஞ்சகமும் ஏறியது. வெளிறிய மதுவிலே சபுகேரோ என்னும் செடியின் கருநிறப் பழங்களைப் பிழிந்து நிறமேற்றினர். பிற மாகாணத்து மதுவையும் கலந்தனர். வாங்குவோர் நம்பிக்கை இழந்தனர்; விலை வீழ்ந்தது; உழவர் வாடினர்.

1755 நவம்பர் முதலாம் நாள் லிஸ்பன் நகரத்தை நிலநடுக்கம் அழித்தது. அழிந்த நகரை மீண்டும் எழுப்பிய அமைச்சர், பின்னாளிற் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்றவர். அவரே அடுத்த ஆண்டு, 1756 இல், டூரோ மதுவுக்கென ஒரு கழகத்தை அமைத்து, எந்த நிலத்து முந்திரிகை அப்பெயருக்கு உரியது என எல்லை வகுத்தார். 335 கற்றூண்கள் அவ்வெல்லையில் நடப்பட்டன. நிறமேற்றும் செடிகளைப் பிடுங்குமாறு ஆணை பிறந்தது. விளைந்த இடத்தின் பெயரைச் சட்டத்தாற் காத்த முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்று. இலங்கைக் கறுவாவும் தேயிலையும் தம் பெயரைக் காக்கப் போராடும் இந்நாளில், இவ்வரலாறு நமக்குப் பாடமாகும்.

எனினும் சட்டம் எல்லார்க்கும் ஒரே முகம் காட்டவில்லை. மது விற்கும் தனியுரிமை கழகத்தின் கைக்குச் சென்றது. போர்த்தோ நகரத்துச் சிறு தவறணைக்காரர் பிழைப்பிழந்தனர். 1757 இல் அவர்கள் தெருவிலிறங்கிக் கலகம் செய்தனர். அரசு இரக்கம் காட்டவில்லை, பலர் தூக்கிலிடப்பட்டனர். ஒரு கற்றூண் ஒருவனுக்குக் காவல், மற்றொருவனுக்குக் கதவடைப்பு. மதுவின் இனிப்பைச் சொல்பவர்கள் இக்கசப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேறொரு பகை வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சரா என்னும் கண்ணுக்கெட்டாச் சிறு பூச்சி வேர்களைத் தின்றது. 1860 களிலிருந்து டூரோப் படிகள் ஒவ்வொன்றாகப் பாழாயின. கைவிடப்பட்ட படிகளை இறந்த இடம் என்றே அம்மக்கள் அழைத்தனர். அமெரிக்கக் கொடியின் வேரில் உள்நாட்டுக் கொடியை ஒட்டவைத்ததே தீர்வாயிற்று. நாம் ஒட்டுமா வளர்ப்பது போன்றதே அது. அக்காலத்தில் நிலங்களை வாங்கித் திருத்தி, வேலையற்றோர்க்கு வேலை தந்தவர் தோனா அந்தோனியா பெரைரா என்னும் கைம்பெண். 1811 இற் பிறந்து 1896 இல் மறைந்த அவரை, பெரைரிஞ்ஞா என அன்புடன் இன்றும் நினைவுகூர்கின்றனர். 1861 இல் டூரோவின் சுழியிலே படகு கவிழ்ந்தபோது, உடன் சென்ற பாரெஸ்டர் பிரபு மூழ்கினார். பெரைரிஞ்ஞாவை அவர் அணிந்திருந்த விரிந்த பாவாடையே மிதக்கச் செய்து காத்தது என்பர்.

இம்மதுவை உணவின் இறுதியிலே சிறு கிண்ணத்தில் அளந்து அருந்துவர். உப்பேறிய நீலப் பாற்கட்டியோடு அதனைச் சேர்த்தது ஆங்கிலேயர் வழக்கம். வாதுமையும் அக்குரோட்டும் வறுத்து வைப்பது டூரோ நாட்டார் வழக்கம்.

மலை நடுவே ஒரு பாற்கட்டி

டூரோவுக்குத் தெற்கே மலைகள் சூழ்ந்த கருங்கல் மேட்டு நிலம் டாவு. கடற்காற்றையும் கடும் வெயிலையும் மலைகள் தடுப்பதால், இங்கு விளையும் செம்மது அடக்கமானது. இதற்குத் துணையாவது எஸ்திரேலா மலையின் செம்மறியாட்டுப் பாற்கட்டி. அதன் புதுமை உறையிடுவதில் உள்ளது. பிற நாட்டார் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளை இடுவர். இம்மலைவாழ் இடையரோ ஒருவகை நெருஞ்சியினப் பூவை உலர்த்தி ஊறவைத்து அந்நீரை இடுவர். அதனாற் பாற்கட்டி உள்ளே கூழாகவே நிற்கும். மேற்றோலை வட்டமாக வெட்டி நீக்கி, கரண்டியால் அள்ளிப் பாணிற் பூசுவர்.

டாவுக்கு மேற்கே, கடலை நோக்கி, பைராடா. அங்கு விளையும் பாகா என்னும் முந்திரிகை தடித்த தோலும் கடுந்துவர்ப்பும் கடும்புளிப்பும் கொண்டது. தனியே அருந்தினால் நாவைச் சுருட்டும். அதற்கு இணை, மெயல்யாடா ஊரார் விறகு அடுப்பிற் சுடும் பாற்பன்றி. பூண்டும் மிளகும் கொழுப்பும் அரைத்து உள்ளே பூசி, தோல் நொறுங்கச் சுடுவர். மேலே கூறிய இரு விதிகளும் இங்கு ஒன்றாய் நிறைவேறுகின்றன: புளிப்புக் கொழுப்பை வெட்ட, துவர்ப்பு இறைச்சியில் அடங்குகின்றது. சைவ உணவினர் வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பன்றியை விட்டுவிடலாம். டூரோ மதுவிற் கலக்கப்படாதிருக்க, பைராடாவின் கொடிகளைப் பொம்பால் வேரோடு பிடுங்குவித்தார் என்பதும் வரலாறு. ஓரூரைக் காத்த கை மற்றோரூரை அழித்தது.

இவ்விடத்தில் இனிப்புப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. மதுவைத் தெளிவிக்க முட்டையின் வெண்கருவைப் பயன்படுத்துவர். கலங்கலைப் பற்றிக்கொண்டு அது அடியிற் படியும். கன்னியர் மடங்களிலும் ஆடைக்குக் கஞ்சியிட வெண்கருவே வேண்டப்பட்டது. மிஞ்சிய மஞ்சட்கருவை என் செய்வது? தீவுகளிலும் பிரேசிலிலும் விளைந்த சர்க்கரையோடு அதனைக் கிண்டியே, கன்னியர் பலவகைப் பணியாரங்களைப் படைத்தனர் என்பர். லிஸ்பன் அருகே பெலெம் என்னுமிடத்தின் பாற்பணியாரமும், அவெய்ரோ நகரின் முட்டை இனிப்பும் அவ்வழி வந்தவை. லிஸ்பனுக்குத் தெற்கேயுள்ள செத்தூபல் நகரத்து மணமிக்க மொஸ்கத்தேல் மதுவை இவற்றோடு வைப்பர்.

மணலிலும் மண்சாடியிலும்

லிஸ்பனுக்கு மேற்கே, கடலோரக் கொலாரெஸ் ஊரிலே நிலம் முழுவதும் மணல். பிலொக்சராப் பூச்சி மணலில் வாழாது. ஆகையால் ஐரோப்பாவெங்கும் கொடிகள் பட்டபோதும் இவ்வூர்க் கொடிகள் ஒட்டின்றித் தம் சொந்த வேரிலேயே நின்றன. ஆனால் நடுவதற்கு மணலுக்கடியிலுள்ள களிமண்ணை எட்டும்வரை ஆழக் குழி தோண்ட வேண்டும். குழி சரிந்து மூடினால் மூச்சுவிடச் சிறிது இடம் வேண்டுமென்று, தோண்டுவோர் தலையிலே கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தனர். ஒரு கிண்ண மதுவின் பின்னே ஒரு கூடை இருக்கின்றது என்பதை அதை அருந்திய பிரபுக்கள் எத்தனைபேர் நினைத்திருப்பர்?

தெற்கே அலெந்தேஜோச் சமவெளி. கோதுமையும் ஒலிவமும் தக்கை மரமும் நிறைந்த வெளி. உலகத் தக்கையிற் பாதியளவைப் போர்த்துக்கலே தருகின்றது. தக்கை மரத்தின் பட்டையை முதன்முறை உரிக்க ஏறக்குறைய 25 ஆண்டு காத்திருக்க வேண்டும். பின்னர் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிப்பர். உரித்த ஆண்டின் இறுதி இலக்கத்தை மரத்திலேயே வெண்ணிறத்தில் எழுதி வைப்பர். மரம் நடுபவன் தனக்காக நடுவதில்லை.

இங்கு உரோமர் காலத்து வழக்கம் ஒன்று இன்னும் உயிரோடிருக்கின்றது. ஆளுயரச் சுட்ட மண்சாடிகளின் உட்புறத்தில் மரப்பிசின் பூசி, அவற்றிலே சாற்றையும் தோலையும் சேர்த்து நொதிக்க விடுவர். நவம்பர் 11 ஆம் நாள், மார்ட்டீன் முனிவரின் திருநாளன்று, சாடியைத் திறப்பர். அன்று ஊரெங்கும் சுட்ட கஷ்கொட்டையும் புதுமதுவும் பரிமாறப்படும்.

அலெந்தேஜோ நிலம் நெடுங்காலம் சில பெருநிலக்கிழாரின் கையில் இருந்தது. நிலமற்ற கூலியாளரின் உணவு அசோர்டா. பழம்பாணைத் துண்டாக்கி, இடித்த பூண்டும் உப்பும் கொத்தமல்லி இலையும் ஒலிவெண்ணெயும் இட்டுக் கொதிநீர் ஊற்றுவர்; முட்டை கிடைத்த நாளில் ஒரு முட்டை. ஐரோப்பாவிலே பச்சைக் கொத்தமல்லியைப் போர்த்துக்கேயர் போல விரும்பும் மக்கள் அரியர். அவ்வகையில் அவர் நமக்கு உறவினர். இன்று அசோர்டாவைப் பெரிய உணவுச்சாலைகளில் விலையுயர்ந்த செம்மதுவோடு பரிமாறுகின்றனர். பசி கண்டுபிடித்த உணவைச் செல்வம் பின்னாளில் ரசிப்பது எந்நாட்டிலும் காணும் காட்சியே.

கடலில் முதிர்ந்த மது

அத்திலாந்திக் கடலின் நடுவே மதேய்ராத் தீவு. 1419 இற் போர்த்துக்கேய மாலுமிகள் அதனைக் கண்டனர். அங்கிருந்து வெப்ப நாடுகளுக்குச் சென்ற கப்பல்களில் மதுப் பீப்பாய்கள் மாதக்கணக்கில் வெயிலில் வெந்தன. வேறெந்த மதுவும் கெட்டிருக்கும்; இதுவோ முன்னிலும் சுவையேறித் திரும்பியது. அன்றிலிருந்து கப்பலின் வெப்பத்தைக் கரையிலேயே உண்டாக்கக் கற்றனர். மேற்றட்டு அறைகளிற் பீப்பாய்களை ஆண்டுக்கணக்கில் வெயிற்சூட்டில் வைப்பது ஒரு முறை. 45 முதல் 50 பாகை செல்சியசு வரை மூன்று மாதம் சூடாக்குவது மற்றொரு முறை. இவ்வாறு வெந்த மது திறந்த பின்னும் பல மாதம் கெடாது.

அத்தீவில் நத்தார்க் காலத்திற் பன்றி இறைச்சியை மதுவிலும் அல்லது வினாகிரியிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சமைப்பர். அதன் பெயர் விஞ்ஞா தல்யோஸ்; மதுவும் பூண்டும் என்பது பொருள். மாலுமிகளோடு அது கோவாவுக்கு வந்தது. அங்கே முந்திரிகை மதுவின் இடத்தைக் கள்ளு வினாகிரி பிடித்தது. மிளகாயும் மசாலாவும் சேர்ந்தன. பெயரும் நாவிலே உருண்டு வின்டலூ ஆயிற்று. அப்பெயரிலே கிழங்கைக் குறிக்கும் ஆலூ இருப்பதாக எண்ணி உருளைக்கிழங்கு இடுவோர் பலர்; அது பூண்டின் பெயரே அன்றிக் கிழங்கின் பெயரன்று.

மேசையின் மறுபுறம்

இனி, நாம் தொடக்கத்திற் சொன்ன நன்மை தீமைக்கு வருவோம். 1932 முதல் 1968 வரை போர்த்துக்கலை ஆண்ட சலசார், டாவு நாட்டின் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். அவருடைய ஆட்சியில், மது அருந்துவது பத்து இலட்சம் போர்த்துக்கேயர்க்குச் சோறு போடுவதாகும் என்னும் முழக்கம் நாடெங்கும் பரவியது. மிகுதியாய் விளைந்த மதுவை விற்பதே நோக்கம். உழவனுக்குப் பிழைப்பு வேண்டும் என்பது மெய்தான். ஆனால் அதே காலத்தில், ஏழை வீடுகளிலே களைத்த குதிரையின் சூப்பு என்றோர் உணவு இருந்தது. செம்மதுவிற் பாணைப் பிய்த்துப் போட்டுச் சர்க்கரை தூவியது அது. வயலுக்குச் செல்லும் தந்தை உண்டான். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் உண்டது. பாலுக்கு வழியில்லாத வீட்டிலே மது பாலின் இடத்தைப் பிடித்தது. வயிறு சூடேறியது, உடல் வளரவில்லை. உணவோடு அருந்துவது தீங்கற்றது என்று சொல்பவர்கள், உணவுக்குப் பதிலாக அருந்திய அப்பிள்ளைகளை மறத்தலாகாது.

1974 இற் சர்வாதிகாரம் வீழ்ந்தது. 1986 இற் போர்த்துக்கல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே டூரோவின் சிறு விளைவிப்பாளர் தம் போர்த்தோ மதுவைத் தாமே ஏற்றுமதி செய்ய வழி பிறந்தது. 2015 முதல் அந்நாட்டிற் பதினெட்டு வயதிற்குக் குறைந்தவர்க்கு எவ்வகை மதுவும் விற்றலாகாது. நம் நாட்டில் அவ்வயது இருபத்தொன்று. 2023 இல் உலகச் சுகாதார நிறுவனம், அற்ககோலைப் பொறுத்தவரை உடலுக்குத் தீங்கில்லாத அளவென ஒன்று இல்லை என அறிவித்தது. மதுவைத் தம் வாழ்வாக்கிய மக்களுக்கு அது கேட்பதற்கு இனிய செய்தியன்று. ஆயினும் உண்மை விருந்துக்கு வரும்போது இனிய முகத்தோடுதான் வரவேண்டும் என்ற நியதி இல்லை.

ஆகவே போர்த்துக்கேயரின் மேசையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது யாது? கிண்ணத்தை அன்று, இசைவைக் கற்ற அறிவையே எடுத்துக்கொள்ளலாம். சுட்ட மீனுக்குத் தேசிக்காய்த் தண்ணீர், உப்புப் பாற்கட்டிக்கு விளாம்பழக் களி, எண்ணெய்ப் பலகாரத்துக்குச் சாயத் தேநீர் என, நம் வீட்டிலேயே அவ்விதிகளைச் சோதித்துப் பார்க்கலாம். விளைந்த மண்ணின் பெயரைக் காக்க வேண்டும் என்னும் உறுதியையும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வுறுதியை நிறைவேற்றும்போது தெருவிலே நிற்கும் சிறு வணிகனை மறத்தலாகாது என்னும் எச்சரிக்கையையும் உடன் வைத்துக்கொள்வோமாக.

நாளைக் காலையிலே பாணை மேசையில் வைக்கும்போது, அச்சொல் கடந்து வந்த கடலைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முற்றத்துப் பீப்பாயில் மழைநீர் நிறையும்போது, அது ஒருகாலத்தில் எதைச் சுமந்த கலம் என்பதையும் சொல்லுங்கள். இப்பொழுது அதில் இருப்பது நீர் என்பதற்காக மகிழ்வதிலும் தவறில்லை.